ஆணியில் தொங்கிய அரக்கு நூல்

ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் திறந்த அன்று மேடையில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் மைக் பிடிப்பவர் முதலில் மேடையில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இருக்கிற பட்டம் இல்லாத பட்டம் எல்லாம் சேர்த்து, ‘அவர்களே’ போட்டு முடிக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அவரும் அவர் மச்சானும் அடுத்த தேர்தலில் வேறு பக்கம் போய்விடுவார்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்தார். “எல்லாருக்கும் வணக்கம். நாளையிலேர்ந்து அரிசி பருப்பு இங்கயே வாங்கிக்கலாம். மழைக்கு ஒழுகாது, நான் மேல ஏறிப் பார்த்துட்டேன்” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மற்ற பத்து முகமும் சுருங்கின. கூட்டம் முடிந்து செருப்பு தேடும்போது ஜரிகைக் கடைக்காரர் என்னிடம் பொருமினார்.

“எம் பேரு அவருக்குத் தெரியாதா சார்? முந்தாநேத்துதான் எங்க வீட்டு மோட்டார அவரு கட்டிக் குடுத்தாரு. சால்வை என்னோடது, வடை என்னோடது, பேரு மட்டும் கெடையாதா?”

“மறந்திருப்பார்” என்றேன்.

“யாரு, அவரா?” என்று அவர் சிரித்த சிரிப்பில் நியாயம் இருந்தது. கவுன்சிலர் எதையும் மறக்கிறவர் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் ஒரு பெயர்கூடப் பதிந்துவைக்கவில்லை. நம்பர் வந்தால் திரையைப் பார்ப்பார், “ம், சொல்லுமா, தண்ணி வந்துச்சா?” என்பார். நான் ஒருமுறை சோதனைக்காக என் மருமகளின் போனிலிருந்து கூப்பிட்டேன். “சொல்லுங்க சார்” என்றார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மருமகள் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்று ஒரு சந்தேகம் வந்தது. வார்டு கவுன்சிலருக்கு எல்லார் நம்பரும் தெரியும்தானே என்று மருமகள் சொன்னாள். என் போனிலிருந்து வராத அழைப்பில் நான்தான் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்தது என்று அவளிடம் கேட்டேன். “நீங்க மூச்சு விடறது கேக்கும் மாமா” என்றாள்.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது என் வேலையாக இருந்தது, இப்போது வியாதியாக இருக்கிறது. இருப்பில் ஒரு சிட்டம் பட்டு நூல் குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மனிதரிடம் ஏதோ குறைகிறது என்று தெரிந்தபோதும் அப்படித்தான். அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். இளமையில் ஆயுதம் எடுத்த இயக்கம் ஒன்றில் இருந்தவர். மலைப்பக்கம் அலைந்து, பிடிபட்டு, பல வருஷம் சிறையில் கிடந்து, வெளியே வந்து எங்கள் தெருமுனையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. போலீஸ் எத்தனை அடித்தும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை, அதனால்தான் அந்த விரல்கள் அப்படி என்று தெருப் பையன்கள் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பெருமையும் காயில் கட்டிய நேர்மையும் சேர்ந்துதான் அவர் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். சுவரொட்டியில் சின்னம் மட்டும் பெரிதாக இருந்தது. முகமும் இல்லை, பெயரும் பொடி எழுத்தில் ஓரமாக.

அவர் கடையில் ரசீது கிடையாது. தறி வீடுகளில் மிஞ்சும் பட்டு நூல் துண்டுகளை ஒரு டப்பாவில் வைத்திருப்பார். மோட்டார் வந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி மோட்டாரில், மறுபாதி கொண்டுவந்தவர் கையில். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று நிறம்தான் கணக்கு. மோட்டார் தயாரானதும் நூலைக் காட்டி எடுத்துப் போகலாம்.

கவுன்சிலர் ஆன பிறகும் அதே முறை. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று யார் வந்தாலும் நூல் வெட்டுவார். ஒரு பாதி சுவர் ஆணியில், மறுபாதி சொன்னவர் கையில். வேலை முடிந்ததும் அவர்கள் தங்கள் பாதியைக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு பிஸ்கட் டப்பாவில் போடுவார். “முடிச்சு போட்டாச்சா?” என்றுதான் எங்கள் வார்டில் கேட்பார்கள். சுவரில் முப்பத்திரண்டு ஆணிகள். எந்த நூல் யாருடையது என்று சுவரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இது நிர்வாகம் செய்கிற முறை இல்லை, ஒளித்துவைக்கிற முறை என்று எனக்குப் பட்டது.

ஒரு பிரதோஷத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலில் வரிசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றார். இயக்கத்தில் இருந்தவருக்குக் கோயிலில் என்ன வேலை என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தார்.

“பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார் குருக்கள்.

“சாமி பேருக்கே பண்ணிடுங்க.”

“நீங்க வரச்சயெல்லாம் சாமி பேருக்கேதான். ஒரு நாளாவது உங்க பேருக்கு, இல்ல உங்களுக்கு வேண்டியவா பேருக்குப் பண்ணப்படாதா?”

“வேண்டியவர் ஒருத்தர் இருக்காரு. அவருக்கு நட்சத்திரம் தெரியாது” என்றார் கவுன்சிலர்.

“பேர் சொன்னாப் போதும், நட்சத்திரம் இல்லாட்டாப் பரவாயில்லை.”

அவர் சன்னதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். குருக்கள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். யார் அந்த வேண்டியவர் என்று நான் பல நாள் யோசித்தேன்.

இன்னொரு சம்பவம் பலர் முன்னால் நடந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது இவர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்றாம் மாதம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒன்பது பேர் கூட வந்தார்கள். நானும் போய் நின்றேன்.

“நீங்கதான் பேரு வெக்கணும்ணா. அதுக்குத்தான் இன்னும் வெக்காம வெச்சிருக்கோம்.”

“உங்க வீட்ல பெரியவங்க இருக்காங்களேமா.”

“அவங்கதான் சொல்லி அனுப்பிச்சாங்க. ஒரு பேரு சொல்றதுல உங்களுக்கு என்னாண்ணா செலவு?”

குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள். அது அவருடைய மடங்காத விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் வாய் திறந்தது, மூடியது. நெற்றி முழுக்க வேர்வை. பிறகு குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய், பம்ப் செட் ஒன்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“எம் புள்ளைக்கு ஒரு பேரு குடுக்கக்கூட மனசு வல்லியா?” என்று அவள் அழுதுகொண்டே போனாள். மாமியார் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி, “ஜெயில்ல இருந்த வாயி, நல்லத எப்பிடிச் சொல்லும்?” என்றாள். மறுநாள் அவர் குழந்தைக்கு ஒரு சட்டையும் பொம்மையும் வாங்கி அனுப்பினார். அதை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனி என் படிக்கட்டு விவகாரம். மாடியில் இரண்டு அறை கட்டி, வாடகைக்கு விடுவதற்காகத் தெருப்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைத்தேன். அது தெருவில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது உண்மை. இரும்பு மழையில் வழுக்கும் என்பதும் உண்மை. துணி காயப்போடப் போன என் மனைவி ஒரு ஐப்பசி மழையில் அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வீட்டில் அப்போது இருந்தது நாங்கள் நாலு பேர்தான். நான், மனைவி, மகன், மருமகள். படியில் ஆள் விழுந்தது என்று தெரிந்தால் எந்தக் குடித்தனக்காரர் வருவார்? குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்று சொல்லச் சொன்னேன். எலும்புக்குக் கட்டுப் போட்டவரிடமும் அதையே சொன்னோம். மகன், “படியை எடுத்துடலாம்பா” என்றான். “எடுத்தால் மாடிக்கு எப்படி ஏறுவது, உன் தோள்மேலா?” என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் படியைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

ஒரு மாசம் கழித்து நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. தெருவை ஆக்கிரமித்திருக்கிறேனாம். அலுவலகத்தில் விசாரித்தேன். மனு கொடுத்தவர் கவுன்சிலர்தான் என்றார்கள். நேராகக் கடைக்குப் போனேன்.

“என் படிமேல மனு யார் குடுத்தது?”

“நான்தான் சார். கையெழுத்து என்னோடது.”

“உங்களுக்கு என்ன வந்தது என் படியால? யாரோ வந்து சொல்லித்தானே?”

“ஒருத்தர் சொன்னாங்க.”

“எந்த ஒருத்தர்?”

கண்ணை ஒரு கணம் சுவருக்கு ஓட்டித் திருப்பினார். நானும் பார்த்தேன். மேல் வரிசையில் நாலாவது ஆணி. அரக்கு நிற நூல்.

“சார், அதுல ஆட்டோகூடத் திரும்ப மாட்டேங்குது. நாளைக்கு ஆம்புலன்ஸ் வந்தா என்னா பண்ணுவீங்க? அதப் பாருங்க. சொன்னவங்களப் பார்த்து என்னா ஆவப் போவுது?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “போலீஸ் அடிச்சே வாயைத் தொறக்காதவர்னு ஊரே சொல்லுது. நான் கேட்டா சொல்லிடுவீங்களா?”

அவர் செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

“போலீசுக்கு சொல்லல சார். எங்க ஆளுங்களுக்கு ஒரு தடவ சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?”

“எங்கள்ல எவனோ போலீசுக்குத் தகவல் குடுத்துக்கினு இருக்கான், யாரா இருக்கும்னு கேட்டாங்க. நான் ஒரு பேரு சொன்னேன். அதுக்கு முந்தின வாரம் எனக்கும் அவனுக்கும் சோத்துப் பானைகிட்ட ஒரு சண்ட. அந்தக் கோவத்துல சொன்னேனா, நெசமாவே சந்தேகப்பட்டுச் சொன்னேனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல.”

“அப்புறம்?”

“தென்னேரி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கினு போனாங்க. திரும்பி வந்தவங்கள்ல அவன் இல்ல.” கம்பியை மறுபடி எடுத்தார். விரலில் சுற்றினார். “அவன் போன பொறவும் போலீசு வந்துக்கினுதான் இருந்துது சார்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். இதை எதற்கு என்னிடம் சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை. மிரட்டுகிறாரா? இன்னொரு முறை கேட்டால் ஏரிக்கரை என்கிறாரா? வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன்.

ஆனால் அந்த அரக்கு நூலை விடவில்லை. மறுபாதி யாரிடமோ இருந்தாக வேண்டும். எங்கள் தெருவில் எங்கள் வீடு நீங்கலாக நாற்பத்திரண்டு வீடுகள். வரி ரசீது பார்க்க, பஞ்சாங்கம் இரவல் கேட்க, உடம்பு விசாரிக்க என்று ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொன்றிலும் நுழைந்தேன். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தேன், சாவிக் கொத்தைப் பார்த்தேன், தையல் பெட்டியைக்கூடத் திறந்தேன். பட்டு நெய்கிற ஊரில் நூலுக்கா பஞ்சம்? எல்லா நிறமும் கிடைத்தன. அரக்கு மட்டும் பதினாறு வீட்டில் இருந்தது. பதினாறு பேரையும் சந்தேகித்தேன். எதிர்வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்தினேன். இன்றுவரை பேசவில்லை.

படியை கேஸ் கட்டரால் அறுத்து எடுத்துப் போனார்கள். கவுன்சிலர் நின்று பார்த்தார். என் மனைவி கட்டுப்போட்ட கையோடு ஜன்னலில் நின்றாள். பிறகு வீட்டுக்குள்ளேயே சிமென்ட் படி கட்டினோம், கைப்பிடியோடு.

ஆச்சரியம் என்னவென்றால், வேலை முடிந்த பிறகும் அந்த அரக்கு நூல் ஆணியிலிருந்து இறங்கவில்லை. முடிச்சுப் போட யாரும் வரவில்லை. போகிறபோதும் வருகிறபோதும் பார்ப்பேன். மற்ற ஆணிகளில் நூல் மாறிக்கொண்டே இருந்தது. நாலாவது ஆணியில் அது வெளுத்துப்போய் அப்படியே தொங்கியது.

அடுத்த தேர்தலில் ஏரிக்கரைக் கதையைத் தெருவில் சொன்னேன். இட்டுக்கட்டவில்லை. அவர் வாயால் சொன்னதைச் சொன்னேன். செத்தது ஒருவர் என்று நான் சொன்னது நாலைந்து தெரு தாண்டியபோது ஏழு பேர் ஆகியிருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. அவர் தோற்றார். மறுநாள் கடைப்பக்கம் போனேன். வழக்கம்போலக் குனிந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார். “சார், வெய்யில்ல நடக்காதீங்க” என்றார். தோற்கடித்தவனிடம் இவ்வளவு மரியாதை எதற்கு என்று வீடு வரும்வரை யோசித்தேன். அவருக்கும் எனக்கும் இடையில் வேறு ஏதோ கணக்கு இருப்பதுபோலப் பட்டது.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். “ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்றாள் மனைவி. “போயிட்டு வாப்பா, ஷேர் ஆட்டோல ஏத்திவிடறேன்” என்றான் மகன். மருமகள் கேட்காமலே பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவரை வீட்டில் யாரும் இவ்வளவு விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பன்னிரண்டு கட்டில் உள்ள வார்டு. அவர் ஜன்னலோரம். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பழையபடி இருந்தது. கஞ்சியை இரண்டு வாய் குடித்தார்.

“அம்மாவுக்குக் கை இப்ப எப்பிடி இருக்குது சார்?”

“பரவாயில்லை. மழை வந்தால் வலிக்கிறது என்பாள்.”

“வலிக்கும். இரும்புப் படியில விழுந்த கையி” என்றார்.

பிளாஸ்க் மூடியை நான் திருகிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ மூடிவிட்டது. குளியலறை என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தோம். படி என்று தெரிந்தது நாலு பேருக்கு. நான் சொல்லவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒன்றுக்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒரு பெயரையும் நழுவவிடாதவர் இதை நழுவவிட்டாரா, அல்லது வேண்டுமென்றே என் கையில் வைத்தாரா? கண்ணை மூடிக்கொண்டார். “ஒருத்தர்” என்று நான் ஆரம்பித்தேன். மேற்கொண்டு கேள்வி வரவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லிவிடுவாரோ என்றுதான் அன்று பயமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வந்தாள்.

“எப்படி இருக்காரு? ஏதாச்சும் சொன்னாரா?”

மகன் போனிலிருந்து தலையை எடுக்காமல், “என்னப்பா சொன்னாரு?” என்றான்.

பிளாஸ்கை வாங்கிக்கொண்ட மருமகள், “பேசினாரா மாமா?” என்றாள்.

மூன்று பேரும் கேட்டாயிற்று.

“கஞ்சி குடிச்சார். ஒண்ணும் சொல்லலை” என்றேன்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். தாமலிலிருந்து அவர் தம்பி மகன் டெம்போவோடு வந்து கடையைக் காலி செய்தார். நான் போய் நின்றேன். முப்பத்தோரு ஆணிகள் வெறுமையாக இருந்தன. நாலாவது ஆணியில் அந்த நூல். “இது என்னா பெரியவரே, குப்பையா?” என்று கேட்டார். “எங்களுடையது” என்று சொல்லி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அலமாரியில் ஆறு இழுப்பறை. மனைவியின் தையல் பெட்டி ஒன்று. மருமகளின் வளையல் பெட்டி ஒன்று. மகனின் மேஜையில் பூட்டில்லாத இழுப்பறை ஒன்று. ஆக ஒன்பது. நாற்பத்திரண்டு வீட்டில் கூச்சமில்லாமல் தேடியவன், அங்கே உட்கார்ந்து எண்ணினேனே தவிர ஒன்றையும் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய் நாலாவது தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மனைவி பரிமாறும்போது அந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணித் திரும்பியது.

எங்கள் வீட்டில் துணியை மெஷினில் போடுவது யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் வேலை. பையில் இருப்பதை எடுத்து மெஷின்மேல் இருக்கிற கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் சட்டையை உள்ளே போடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாணயம் தவறியதில்லை. மறுநாள் காலையில் என் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கிண்ணத்தைப் பார்த்தேன். நாணயம் மூன்று, மாத்திரை அட்டை ஒன்று, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று. எல்லாம் சரியாக இருந்தன. நூல் இல்லை.

இன்றைக்குத் துணி போட்டது யார் என்று நான் கேட்கவில்லை.